புலம்பல் நோட்டு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள், நடுவில் எழுந்து ஓட விடமாட்டேன். போன வாரம் பாதி மூச்சில் நிறுத்திவிட்டேன் என்று எத்தனை பேருக்கு என் மேல் கோபம்! இன்று அந்த மூச்சை விட்டுவிடலாம். நல்ல கதைதான் சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் பதறவைக்கும், பயப்படாதீர்கள்.

இன்றுதான் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே வீட்டில் மூன்று பேர். மூத்தவள் அரசுப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறவள். வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் டீச்சர். அவள் கணவர் சோப்புத்தூளைப் பாக்கெட்டில் அடைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக சூப்பர்வைசர். மூன்றாவது ஆள் டீச்சரின் தங்கை. முப்பத்தொன்பது வயதாகியும் அக்காவின் தோளுக்கு மேல் வளராததால் இன்னும் பொடிசுதான். ஒன்பது வருஷம் சட்டைக் காலர் தைத்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அக்காவின் வகுப்பிலேயே பாக்கெட் மெஷின் பயிற்சியும் படித்து முடித்திருக்கிறாள். நாற்பது வயதுக்கு மேல் அந்தப் பயிற்சியில் சேர்க்கமாட்டார்கள். இதில் வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது.

அரசு எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரு பாரம் அனுப்பியிருந்தது. ‘உங்களுக்கு என்னென்ன வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும்?’ என்று கேட்கிற பாரம். சோப்புத்தூள் கம்பெனி பூர்த்தி செய்து அனுப்பியதை வைத்துத்தான் டீச்சரின் பாடத்திட்டமே எழுதப்பட்டது. பாரம் என்ன கேட்டது தெரியுமா? ரோபோ கை. கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கையை இயக்கி, பெட்டியைத் தூக்கி அடுக்குகிற வித்தை. டீச்சரும் மூன்று மாதம் மூச்சுப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பேட்சில் பதினாறு பேர். கம்பெனி எடுத்துக்கொண்டது இரண்டே பேரை.

ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொண்ட டீச்சர், போன வாரம் மையத்துப் பீரோவைக் குடைந்து அந்தப் பாரத்தை வெளியே எடுத்தாள். கையெழுத்து ஓய்வு பெற்றுப் போன பழைய மேனேஜருடையது. ஆனால் பூர்த்தி செய்த எழுத்து? ஒவ்வொரு வரிக்கும் அடியில் இரட்டைக் கோடு இழுக்கிற அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக வீட்டுச் சாமான் சீட்டு எழுதுகிற கை ஆயிற்றே!

அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

* * *

காலை ஆறரை மணி. இன்று இரண்டாவது பேட்சுக்குத் தேர்வு. பதினாறு பேரையும் கம்பெனிக்கே வரச்சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேரையாவது கம்பெனி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியையே மூடிவிடுவது என்று அரசுத் துறை சொல்லிவிட்டது.

சூப்பர்வைசர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டீக்கு வந்து உட்கார்ந்தார். டம்ளருக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

“என்ன இது?”

“படிச்சுப் பாருங்க. உங்க எழுத்துதான். கண்ணாடிகூட வேணாம்.”

அவர் பிரித்தார். பார்த்தார். இருமல் வராமலே இருமினார்.

“இது… ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தது. பழைய மேனேஜர் என் கையில திணிச்சிட்டார். ‘நீதான்யா மெஷின் பக்கத்துலயே நிக்கிற, நீயே எழுதிடு’ன்னார். டீ பிரேக்ல எழுதினேன்.”

“பதினஞ்சு நிமிஷத்துலயா?”

“பத்து நிமிஷம். டீ குடிக்க வேணாமா?”

“ரோபோ கை எங்கேருந்து வந்துச்சு?”

“அப்ப புது மெஷின் வாங்கப்போறோம்னு ஒரே பேச்சு. வழவழன்னு ஒரு புத்தகம் மேஜை மேல கிடந்துச்சு. அதைப் பார்த்து…”

“காப்பியடிச்சீங்க.”

“நம்ம கம்பெனி பேரு கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு எழுதினேன்.”

“மெஷின் வந்துச்சா?”

“எங்க வந்துச்சு? புத்தகம்தான் வந்துச்சு.”

டீச்சர் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

“தட்டு முன்னாடி உக்காந்தா தினம் என்னைக் கேப்பீங்களே, ‘உங்க சென்டர்ல என்னத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறீங்க, ஒருத்தனுக்கும் ஒரு ரோல் மாட்டத் தெரியலையே’ன்னு. நீங்க கேட்டதைத்தாங்க சொல்லிக்கொடுத்தேன். வரிக்கு வரி.”

அவர் டீயைத் தள்ளிவைத்தார்.

“இன்னைக்கு என்னை மாட்டி விட்டுடாத. பத்தொன்பது வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்லை. புது மேனேஜரம்மா ரொம்பக் கறார்.”

“நான் வாயைத் திறக்கமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

பின்னறைக் கதவு திறந்தது. நீலச் சீருடையில் பொடிசு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

“அக்கா, ஏழு இருபது பஸ்ஸு.”

“வரேன்.”

பொடிசு தன் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே ஒரு பழுப்பு நோட்டு இருக்கிறது. அது என்ன என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், சூப்பர்வைசருக்கு இன்னும் தெரியாது.

முதல் பேட்ச் தோற்றுத் திரும்பிய நாளில் அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அன்றைக்கும் அத்தான் வழக்கம்போல ஷிப்டில் நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டே சாப்பிட்டார். பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் பிலிம் கிழிந்தது, சென்சர் தூசி பிடித்தது, ஒருவன் நட்டைத் தலைகீழாகப் போட்டான். பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அக்காவுக்குக் காது மரத்துவிட்டது. பொடிசுக்கு மட்டும் அன்று ஏதோ பொறி தட்டியது. இவர்களுக்கு என்ன ஆள் வேண்டும் என்று இந்த மனுஷன்தானே ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

மறுநாளிலிருந்து, “அப்புறம் அத்தான், இன்னைக்கு என்னாச்சு?” என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கும் குஷி, விளக்கி விளக்கிச் சொன்னார். அவர் கை கழுவப் போனதும் இவள் எழுதிவைத்தாள். தேதி போட்டு, எண் போட்டு. ஐந்து மாதத்தில் அறுபத்து மூன்று புலம்பல்கள்.

இரண்டாவது பேட்ச் தொடங்கியதும் டீச்சர் அந்த நோட்டைப் பாடமாக்கினாள். வகுப்பு முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம். கம்பெனி கழித்துப்போட்ட பிலிம் ரோல்களைப் பழைய சாமான் கடையில் வாங்கினாள். பக்கத்து வெல்டிங் வகுப்பில் குழாயை வளைத்து ரோல் மாட்ட ஒரு ஸ்டாண்டு செய்து தரச்சொன்னாள். இடம் இல்லாததால் ஸ்டாண்டைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். அந்தச் சுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வருகிறேன்.

ஆனால் துறையின் தேர்வுத்தாளில் அந்த நோட்டுக்கு இடமில்லை. தேர்வு ரோபோ கைக்குத்தான்.

* * *

கம்பெனிக்குள் நுழையும்போதே மூக்கு அரிக்கும். குழாய் மேல், படிக்கட்டுக் கைப்பிடி மேல், கடிகாரத்து மேல் எல்லாம் வெள்ளையாக மெல்லிய தூள். எல்லோருக்கும் தலைமுடி மறைக்கும் வலைத்தொப்பி கொடுத்தார்கள். பொடிசுக்கு அது புருவம் வரை இறங்கியது.

மாடியில் மீட்டிங் அறை. நீள மேஜையில் நாலு கம்ப்யூட்டர். துறை அதிகாரி ஒல்லியான மனுஷர், பை நிறையக் காகிதத்தோடு வந்திருந்தார். ஒருவருக்குப் பத்து நிமிஷம். திரையில் ரோபோ கை பெட்டியைத் தூக்கியது, திருப்பியது, அடுக்கியது.

மேனேஜரம்மா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதிகம் பேசாதவர். கம்பெனி சார்பில் மதிப்பெண் போட சூப்பர்வைசர் ஒரு மூலையில். டீச்சர் இன்னொரு மூலையில்.

எட்டுப் பேர் முடித்ததும் மேனேஜரம்மா தலையசைத்தார்.

“ரொம்ப நல்லாப் பண்றாங்க.”

டீச்சருக்குப் போன உயிர் வந்தது.

“ஆனா இந்தக் கை எங்ககிட்ட இல்லையே.”

வந்த உயிர் மறுபடி போனது.

“இல்லையா?” அதிகாரி நிமிர்ந்தார். “நீங்கதானே மேடம் கேட்டீங்க?”

“நாங்களா?”

அவர் பையைத் துழாவிப் பாரத்தின் நகலை எடுத்து நீட்டினார். மேனேஜரம்மா படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் மேலே போனது.

“கையெழுத்து பழைய மேனேஜரோடது. எழுதினது அவரில்லை, இது வேற கை. யாரோ தெரியலை. எழுதினவர் இன்னும் இங்க வேலை பார்க்கிறாரா? இல்ல, அவரும் போயிட்டாரா?”

மேனேஜரம்மா பாரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பாருங்கள், எவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டார் அந்த அம்மா! ‘போயிட்டார் மேடம்’ என்று ஒரு வார்த்தை. யாரும் தோண்டப்போவதில்லை. டீச்சர் தரையைப் பார்த்தாள். பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், பேசமாட்டாள்.

சூப்பர்வைசர் பொடிசைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணை மறைத்த தொப்பியை மணிக்கட்டால் மேலே தள்ளிக்கொண்டு, தன் முறைக்காக விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இல்லாத மெஷினுக்காக.

“இங்கதான் இருக்கார் மேடம்,” என்றார் சூப்பர்வைசர். “நான்தான்.”

மேனேஜரம்மா பாரத்தை மேஜைமேல் வைத்தார்.

“முன்னாடி ஒரு பதினாறு பேர். இப்ப ஒரு பதினாறு பேர். முப்பத்திரண்டு பேரோட மூணு மாசம். தெரியுதா?”

“தெரியுது மேடம். இந்தப் பேப்பர் எங்கயாவது பீரோல தூங்கும்னு நினைச்சேன். இதை ஒருத்தர் எடுத்துப் படிப்பாங்கன்னு நினைக்கலை.”

“நாங்க படிச்சோம்,” என்றார் அதிகாரி மெதுவாக. அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

“சரி, போனது போகட்டும்,” என்றார் மேனேஜரம்மா. “நமக்கு என்னதான் வேணும்? இப்பச் சொல்லுங்க, சார் எழுதிக்கட்டும்.”

வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தால் கடல் மடை திறந்ததுபோலப் பேசுகிற மனுஷருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“அது… நல்ல ஆளுங்க வேணும் மேடம். பொறுப்பான ஆளுங்க.”

“அது எல்லாருக்கும்தான் வேணும்.”

நாற்காலி நகர்ந்த சத்தம். பொடிசு எழுந்திருந்தாள்.

“மேடம், அவர் சொல்லியிருக்கார். நான் எழுதி வச்சிருக்கேன்.”

பழுப்பு நோட்டு மேஜையைத் தாண்டிப் போனது. மேனேஜரம்மா நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துச் சத்தமாகவே படித்தார்.

“‘புலம்பல் பன்னிரண்டு. ரோல் முடியும்போது புது பிலிமை ஒட்டினவன் கருப்புக் குறி மேல குறி வைக்கலை. நாற்பது பாக்கெட்ல படம் பாதியா வெட்டுப்பட்டுடுச்சு. எனக்குச் சோறே இறங்கலைன்னு அத்தான் சொன்னார். மூணு தடவை போட்டுச் சாப்பிட்டார்.’”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசருக்குக் காது சிவந்தது.

“இதெல்லாம் நீங்க சொன்னதா?”

“வீட்ல… ஏதோ பேச்சுவாக்குல மேடம்…” என்றவர் பொடிசைப் பார்த்தார். “நீ ஆசையாக் கேக்கிறேன்னுல்ல நினைச்சேன்!”

“ஆசையாத்தான் கேட்டேன் அத்தான்.”

டீச்சர் ஓர் அடி முன்னால் வந்தாள். “மேடம், இந்த நோட்டை வச்சு இவங்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருக்கேன். சார், பாடத்திட்டத்துல இல்லாததைச் சொல்லிக்கொடுத்ததுக்கு என் மேல நடவடிக்கை எடுத்தா நான் எதிர்த்துப் பேசமாட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். இவ என் தங்கச்சி. நான் மார்க் போடறதில்லை. அவரும் போடக் கூடாது.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாடத்திட்டத்துக்கு வெளியவா சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா சார். ஆனா கம்பெனிக்கு உள்ள நடக்கிறதை.”

மேனேஜரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினோரு மணிக்கு மூணாவது லைன்ல சின்ன பாக்கெட்டை நிறுத்திப் பெரிய பாக்கெட்டுக்கு மாத்தணும். எங்க ஆளுங்களுக்கு அம்பது நிமிஷம் ஆகுது. இவங்க மாத்தட்டும். பக்கத்துல எங்க ஆள் ஒருத்தர் நிப்பார், கை வைக்கமாட்டார். நானே பார்த்து மார்க் போடறேன்.”

* * *

நாலு பேர் இறங்கினார்கள். பொடிசுதான் முதலில்.

அந்த மெஷின் எப்படி என்றால், பின்னால் பெரிய பிலிம் ரோல். பிலிம் உருளைகள் மேல் ஏறி, முன்னால் எஃகில் செய்த ஒரு காலர் மேல் வழிந்து குழாய்போலச் சுருண்டுகொள்ளும். மேலிருந்து தூள் விழும், தாடை இரண்டும் கடித்து ஒட்டும், வெட்டும். எங்கே வெட்டுவது என்று சொல்ல ஒரு சின்ன சிவப்பு விளக்கு. கம்பெனியில் அதைக் கண் என்பார்கள். பிலிமில் இருக்கும் கருப்புக் குறி எதிரே வந்தால் கண் சிமிட்டும், அந்த இடத்தில் மெஷின் வெட்டும்.

அளவு மாற்றுவது என்றால் காலரைக் கழற்ற வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், ரோலை மாற்ற வேண்டும், கண்ணை நகர்த்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள் பொடிசு. புலம்பல் நாலு: ‘பூட்டாம உள்ள கை விடறான், எனக்குத்தான் பகீர்னுது.’

வேலை ஓடியது. ஒன்பது வருஷம் துணிக் காலரைப் பிடித்த விரல்கள், எஃகுக் காலரின் விளிம்பைத் தடவிப் பார்த்தே நேராக உட்கார்ந்ததா என்று சொல்லிவிட்டன. பழைய லைன் ஆபரேட்டர் பக்கத்தில் நின்று உதட்டைப் பிதுக்கினார். அது மெச்சுகிற பிதுக்கல்.

முப்பத்தெட்டு நிமிஷம். ரோல் ஏறியாயிற்று, பிலிம் வழிந்தாயிற்று. பச்சைப் பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

பொடிசு பட்டன் பக்கம் போகவில்லை. ஒரு பாக்கெட் நீளத்துக்குப் பிலிமைக் கையால் கீழே இழுத்தாள். கண் சிமிட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். சிமிட்டவில்லை.

அவள் முகம் வெளுத்ததை டீச்சர் தூரத்திலிருந்தே பார்த்தாள். பார்த்த நொடியில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

சுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? மையத்தில் ஸ்டாண்டு சுவரோரமாக இருந்தது. ரோலுக்கு மேல்பக்கமாகப் பிலிமை உருவ இடமில்லை. அதனால் பதினாறு பேரும் மூன்று மாதமும் அடிப்பக்கமாக உருவிப் பழகியிருந்தார்கள். இங்கே மேல்பக்கமாக உருவ வேண்டும். பழகிய கை தன் பாட்டுக்கு அடியில் உருவிவிட்டது. அச்சடித்த பக்கம் உள்ளே போய்விட்டது, கருப்புக் குறி மறுபக்கம் போய்விட்டது. கண் எதைப் பார்த்துச் சிமிட்டும்?

“அமுக்குங்க அக்கா,” என்று கூட இருந்த பெண் காதில் கிசுகிசுத்தாள். “ஓடும்போது கண்ணை நகர்த்திச் சரி பண்ணிக்கலாம். டைம் போகுது.”

பொடிசுக்கு ஒரு கணம் தன் பழைய வாடகை அறையின் ஜன்னல் ஞாபகம் வந்தது. இப்போது மறுபடி காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கை பட்டனுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது.

“தப்பா ஏத்திட்டேன்,” என்றாள் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. “கழட்டிட்டு மறுபடி ஏத்தறேன்.”

கழற்றினார்கள். மறுபடி ஏற்றினார்கள். அவசரத்தில் பிலிம் ஓரம் கொஞ்சம் கிழிந்தது, வெட்டி ஒட்டினார்கள். குறி மேல் குறி. ஐம்பதாவது நிமிஷம் வந்தது, போனது. அதிகாரியின் சிரிப்பு எப்போதோ போய்விட்டது. டீச்சர் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

கையால் இழுத்தாள். கண் சிமிட்டியது.

ஐம்பத்தேழு நிமிஷம். பச்சைப் பட்டன்.

முதல் பாக்கெட் விழுந்தது. மேனேஜரம்மா எடுத்துத் திருப்பிப் பார்த்தார், நசுக்கினார், காதருகே வைத்து ஆட்டினார். இரண்டாவது. பத்தாவது. ஒன்றுகூடக் கழிவுக் கூடைக்குப் போகவில்லை.

“அளவு மாத்தினதும் வழக்கமா எத்தனை பாக்கெட் குப்பைக்குப் போகும்?” என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவருக்கு நாக்கு ஒட்டவில்லை.

“ஒரு கூடை போகும் மேடம். சில நாள் ரெண்டு கூடை. தப்புன்னு தெரிஞ்சே பட்டனை அமுக்கிடுவாங்க மேடம்! ஓடும்போது சரி பண்ணிக்கலாம்பாங்க. அதைப் பொறுக்கி, கிழிச்சு, தூளைத் திருப்பிக் கொட்டி, லைனைத் துடைச்சு முடிக்க இன்னொரு அரை மணி நேரம். இதை நான் யார்கிட்ட சொல்றது? எத்தனை நாள் நான்…”

“புலம்பல் ஒன்பது,” என்றாள் பொடிசு மெல்ல.

மேனேஜரம்மா சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரித்ததை அந்த லைனில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம்.

“அப்ப எங்க அம்பது நிமிஷம் உண்மையில எண்பது நிமிஷம். அடுத்த நாலு பேரை வரச்சொல்லுங்க.”

* * *

மற்ற மூன்று குழுவும் சாயங்காலத்துக்குள் முடித்தன. ஒரு குழு பிலிமை இரண்டு தடவை கிழித்துக்கொண்டு தடுமாறியது. இன்னொன்றில் ஒருவர் பூட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினார், அது அவர் பையிலேயே இருந்தது.

நாலரை மணிக்கு வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு பேர். மூன்றாவதாக இருந்தது பொடிசின் பெயர். மீதி ஐந்து பேரை ஒரு மாதம் பழகிவிட்டுத் திரும்ப வரச்சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் பட்டியலை விரலால் தொட்டு எண்ணினாள். பதினொன்று. திரும்பக் கீழிருந்து மேலே எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதிகாரி பையை மூடமுடியாமல் மூடிக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, பயிற்சி தொடரும்னு இன்னைக்கே எழுதிடறேன். நடவடிக்கையெல்லாம் இல்லை. ஆனா ஒரு சிக்கல். பாரத்துல புலம்பலுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே, நான் இதை எங்க எழுதறது?”

“புதுசா ஒரு கட்டம் போட்டுடுங்க சார்,” என்றாள் டீச்சர்.

“போடத்தான் போறேன். இனிமே மெஷின் பக்கத்துல நிக்கிறவங்களை நேர்ல உக்காரவச்சுக் கேட்டுத்தான் எழுதணும்னு ஒரு வரியும் சேர்க்கிறேன். டீ பிரேக்ல இல்லாம.”

சூப்பர்வைசருக்கு மெமோ வரவில்லை. அதைவிடப் பெரியது வந்தது. எட்டு வாரம், சனிக்கிழமைதோறும், பயிற்சி மையத்துக்குப் போய் மனைவியின் வகுப்பில் உட்கார்ந்து புதுப் பாடத்திட்டத்துக்கு உதவ வேண்டும் என்று மேனேஜரம்மா உத்தரவு.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில். மூன்று பேர் தோளிலும் வெள்ளைத் தூள்.

“என்னை எந்த பெஞ்சுல உக்காரவைப்ப?” என்று கேட்டார் அவர்.

“முதல் பெஞ்சு. கண்ணு முன்னாடி இருந்தாத்தான் காப்பியடிக்கமாட்டீங்க.”

காலை டீக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் வாக்கியம் இது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“நான் சொல்லியிருக்க வேணாமோ அங்க?”

“சொன்னதாலதான் இந்த பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருக்கேன்,” என்றாள் டீச்சர். அவர் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள். தட்டியதில் அவருக்குத் தும்மல் வந்தது.

பொடிசு போனை எடுத்து அறைக்காரரிடம் பேசினாள். “ஆமாங்க, நான்தான். அறையை எனக்கே வச்சிருங்க. ஒண்ணாம் தேதி வந்துடறேன்.” பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூள் விழுந்துவிட்டது என்றாள். இருக்கலாம்.

“ஏய் பொடிசு,” என்றார் அத்தான், “இனிமே நீ என் ஷிப்டு. நீ தப்புப் பண்ணா நான் வீட்ல போய் யார்கிட்ட புலம்பறது?”

“என்கிட்டயேதான் அத்தான். நோட்டுல இடம் இருக்கு.” பையைத் திறந்தாள். துழாவினாள். கவிழ்த்துக் கொட்டினாள். “அக்கா… நோட்டு?”

“மேனேஜரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. வீட்ல உக்காந்து முழுசாப் படிக்கிறேன்னாங்க. ஏன்?”

பொடிசு அத்தானைப் பார்த்தாள். அத்தான் பொடிசைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் எழுதியிருந்தியா?” அவர் குரல் இறங்கிவிட்டது. “ஒண்ணு விடாமயா?”

“தேதி போட்டு எழுதினேன் அத்தான்.”

“அந்த மேனேஜரம்மா கண்ணாடி ரூமுக்குள்ள நின்னுக்கிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறதை நான் நடிச்சுக் காட்டினேனே…”

“புலம்பல் அம்பத்தொண்ணு. ‘பாக்கெட்டு எந்தப் பக்கம் திறக்கும்னுகூட அந்தம்மாவுக்குத் தெரியாது’ன்னும் சொன்னீங்க. நல்லா இருந்துச்சேன்னு அப்படியே…”

பஸ் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று அவரும் எழுந்து ஏறினார்.

அந்த அம்மா இந்நேரம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறாரோ, எனக்கும் மனம் அங்கேயேதான் கிடக்கிறது.

போய்ச் சாப்பிடுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் வேலை தேடி வெளியே போனவர்கள் வேலையோடு வீடு திரும்பட்டும். புலம்புகிற வாய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காது இருக்கட்டும். நீங்கள் கற்றுக்கொண்ட எதுவும் வீணாய்ப் போகாமல், உங்கள் கைக்கு ஏற்ற வேலை உங்கள் வாசலைத் தேடி வந்து நிற்கட்டும். வீடு நிறைந்து, சிரித்துக்கொண்டு இருங்கள்.